சொந்த வண்டியில் பகுதிநேர டெலிவரியா, முழுநேர வேலையா? எல்லைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று கேரள-தமிழ்நாடு எல்லையில் இருக்கும் எங்கள் பக்கத்து ஊர்களில் பிளஸ் டூவோ டிப்ளமாவோ முடித்த பையன்கள் மாதத்துக்கு ஒருத்தராவது வந்து "அண்ணா, வண்டி இருக்கு, டெலிவரிக்குப் போகலாமா?" என்று கேட்கிறார்கள். கேள்வி ஒன்றுதான், ஆனால் அதற்குள் இரண்டு வேறு வேறு வேலைகள் இருக்கின்றன. ஒன்று, உங்கள் சொந்த வண்டியை எடுத்துக்கொண்டு, ஆப்பில் லாகின் செய்து, ஓடின நேரத்துக்கோ கொடுத்த பார்சலுக்கோ காசு வாங்குவது. இன்னொன்று, ஒரு ஹப்பிலோ (பார்சல்கள் வந்து பிரிந்து போகும் கிடங்கு) கூரியர் ஆபீஸிலோ மாதச் சம்பளத்துக்குச் சேர்வது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே பை, ஒரே ஹெல்மெட். கணக்கு மட்டும் வேறு.

நான் கஞ்சிக்கோட்டில் ஒரு பார்சல் ஹப்பில் மூன்று வருடம் சம்பளத்துக்கு ஓடினேன், அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் சொந்த பைக்கில் மாலை நேரம் மட்டும் கோயம்புத்தூர் பக்கம் ஓடினேன். இரண்டிலும் பட்டதை வைத்துத்தான் எழுதுகிறேன். யாரும் அவசரப்பட்டு வண்டியைக் கடனில் எடுத்துவிட்டு மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதுதான் என் கவலை.

படி 1: ஒரு நோட்டு வாங்கி, உங்கள் வண்டி ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு தின்கிறது என்று எழுதுங்கள்

இதைச் செய்யாமல் எந்த ஆப்பையும் இறக்காதீர்கள். எல்லோரும் பெட்ரோலை மட்டும்தான் செலவு என்று நினைக்கிறார்கள். என் 125 சிசி வண்டியின் கணக்கைச் சொல்கிறேன், உங்கள் வண்டிக்கு எண்களை மாற்றிக்கொள்ளுங்கள். லிட்டர் 102 ரூபாய், டிராபிக்கில் 45 கிலோமீட்டர் கொடுத்தது, ஆக கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 27 காசு. மூவாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு சர்வீஸ், 1,200 ரூபாய், அது 40 காசு. டயர் இரண்டும் சேர்த்து 15 காசு, செயின், பிரேக், பேட்டரி எல்லாம் சேர்த்து 20 காசு, இன்சூரன்ஸும் புகைச் சான்றிதழும் 10 காசு. கடைசியாக யாரும் எழுதாத ஒன்று: வண்டியின் தேய்மானம். 95,000 ரூபாய்க்கு வாங்கின வண்டி 80,000 கிலோமீட்டர் ஓடின பிறகு 25,000 ரூபாய்க்குத்தான் போகும், அப்படியென்றால் ஒவ்வொரு கிலோமீட்டரும் வண்டியிலிருந்து 88 காசைக் கழற்றிக்கொண்டே போகிறது. கூட்டிப் பாருங்கள், நாலு ரூபாய்.

இந்த நாலு ரூபாயைத்தான் இந்தக் கட்டுரை முழுக்க வைத்துக்கொண்டு பேசப் போகிறேன். பகுதிநேர வேலையில் இதைக் கட்டுவது நீங்கள். ஹப்பின் வேனில் ஓடினால் கட்டுவது கம்பெனி. வேறு எந்த வித்தியாசமும் இதற்குப் பிறகுதான்.

பெட்ரோல் பற்றி ஒரு சின்ன விஷயம். கேரளத்தில் 2023 ஏப்ரல் 1 முதல் லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்பு செஸ் வேறு சேர்ந்ததால், தமிழ்நாட்டு பங்க்குக்கும் நம் பக்கத்து பங்க்குக்கும் நாலைந்து ரூபாய் வித்தியாசம் நிற்கிறது. வேலை முடிந்து எல்லை தாண்டும் முன் டேங்கை நிரப்பிக்கொண்டு வருவது நம் ஊரில் எல்லோரும் செய்வதுதான். அதற்கென்றே தனியாகப் பத்து கிலோமீட்டர் போனால் மிச்சம் பிடித்ததெல்லாம் வழியிலேயே போய்விடும்.

படி 2: முதல் ஆர்டர் எங்கே விழும் என்று பாருங்கள்

பகுதிநேர வேலையில் எங்கள் பக்கத்து ஆட்கள் தோற்பது இங்கேதான். சாப்பாட்டு ஆர்டர் குவிகிற இடம் பாலக்காடு டவுன், பொள்ளாச்சி டவுன், கோயம்புத்தூர். நாம் இருப்பது நடுவில், தென்னந்தோப்புக்கும் நெல்வயலுக்கும் இடையில். நான் குனியமுத்தூர் சுற்றுவட்டாரத்தை என் ஏரியாவாக எடுத்திருந்தேன். வீட்டிலிருந்து போய்வர ஐம்பது கிலோமீட்டர். அதாவது முதல் ஆர்டர் வருவதற்கு முன்னாலேயே, திரும்பி வருவதையும் சேர்த்து, 200 ரூபாய் போய்விட்டது. நாலு மணி நேரத்தில் ஏரியாவுக்குள் நாற்பது கிலோமீட்டர் ஓடுவேன், அது 160. ஒரு சுமாரான மாலையில் ஆப் 450 ரூபாய் காட்டும். கையில் நின்றது 90 ரூபாய், போகிற வருகிற நேரத்தையும் சேர்த்தால் ஐந்தரை மணி நேரத்துக்கு. மணிக்கு 16 ரூபாய். அதே மாலையில் அதே 450 ரூபாயைச் சம்பாதித்த குனியமுத்தூர்ப் பையனுக்கு 290 ரூபாய் நின்றது, மணிக்கு எழுபதுக்கு மேல். அவன் என்னைவிடக் கெட்டிக்காரன் இல்லை, அவன் வீடு அங்கே இருந்தது, அவ்வளவுதான்.

இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஏழு மாதம் ஆனது. ஆப்பில் பச்சை எழுத்தில் தினமும் ஒரு தொகை தெரியும்போது மனசு அதையே சம்பளமாக நம்பிவிடுகிறது.

ஆகவே பகுதிநேரம் யாருக்குச் சரி வரும்? ஏற்கெனவே டவுனில் காலேஜோ வேலையோ இருந்து, தினமும் எப்படியும் அங்கே போய் வருகிறவர்களுக்குச் சரி வரும், ஏனென்றால் அந்தப் பயணச் செலவு ஏற்கெனவே கணக்கில் இருக்கிறது. டவுனிலேயே ரூம் எடுத்துத் தங்கியிருப்பவர்களுக்கும் சரி. ஊரிலிருந்து இதற்காகவே கிளம்பிப் போகிறவர்களுக்குச் சரி வராது, நான் திட்டவட்டமாகச் சொல்கிறேன்.

சாப்பாடு வேண்டாம், பார்சல் ஓடலாம் என்றால் கதை கொஞ்சம் மாறுகிறது. அமேசான் பிளெக்ஸ் மாதிரியானவற்றில் நீங்கள் ஒரு நேர பிளாக்கை எடுத்து, ஸ்டேஷனில் பார்சல்களை வாங்கிக்கொண்டு சொந்த வண்டியில் கொடுக்கிறீர்கள். அமெரிக்காவில் 2015-இல் ஆரம்பித்து இந்தியாவுக்கு 2019 ஜூனில் வந்தது, வந்தபோது மணிக்கு 120 முதல் 140 ரூபாய் கிடைக்கும் என்று அறிவித்தார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அது உங்கள் நாலு ரூபாயைக் கழிக்காத தொகை. மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் ஓடினால் அறுபது ரூபாய் அதிலிருந்து போகும். எந்த கம்பெனி எந்தத் தொகையைச் சொன்னாலும் இந்தக் கழித்தலைச் செய்துவிட்டுத்தான் பேச்சையே தொடங்குங்கள்.

படி 3: இன்சூரன்ஸ் பேப்பரை எடுத்து முழுசாகப் படியுங்கள்

இதில் நான் நின்று சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் பைக், கார் எல்லாவற்றுக்கும் நாம் எடுப்பது தனிப்பயன் பாலிசி. அந்தப் பேப்பரில் வண்டியை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்ற வரம்பு ஒரு பத்தியாக இருக்கும், சின்ன எழுத்தில். வாடகைக்கோ கூலிக்கோ ஓட்டுவது சேராது, சொந்த லக்கேஜும் சாம்பிளும் தவிர்த்து வேறு சரக்கு ஏற்றுவது சேராது என்று அதில் எழுதியிருக்கும். அதாவது முதுகில் டெலிவரிப் பையோடு விழுந்தால், வண்டியின் சேதத்துக்குக் காசு தர மாட்டோம் என்று இன்சூரன்ஸ் கம்பெனி சொல்ல இடம் இருக்கிறது. வேறு ஒருவருக்கு அடிபட்டால், அவருக்கு முதலில் நஷ்டஈட்டைக் கொடுத்துவிட்டு, பாலிசி நிபந்தனையை மீறினீர்கள் என்று பிறகு அதை உங்களிடம் வசூலிக்க வரவும் கூடும்.

எனக்கு இது நடந்தது. ராத்திரி பத்தரை மணி, வேலந்தாவளம் ரோட்டில் நாய் குறுக்கே ஓடி வந்தது, விழுந்ததில் காறை எலும்பு முறிந்தது, வண்டியின் முன் ஃபோர்க் வளைந்துவிட்டது. ரிப்பேர் 11,000 ரூபாய். இன்சூரன்ஸில் கேட்டபோது, விழுந்த இடத்தில் எடுத்த போட்டோவில் டெலிவரிப் பை தெரிகிறது என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். ஆப் கம்பெனியின் விபத்துக் காப்பீடாவது கிடைக்கும் என்று போனால், கடைசி ஆர்டரைக் கொடுத்து முடித்து வீட்டுக்குத் திரும்பும்போது விழுந்ததால் அது சேராது என்றார்கள். ஆறு வாரம் வீட்டில் கிடந்தேன், ஒரு ரூபாய் வரவில்லை. அதே மாதத்தில் எங்கள் பழைய ஹப்பில் ஒரு அண்ணனுக்கு வேனிலிருந்து இறங்கும்போது கால் பிசகியது, அவர் இஎஸ்ஐ (சம்பளக்காரர்களுக்கான அரசுக் காப்பீடு) மூலமாக வைத்தியமும் பார்த்துக்கொண்டு லீவு நாட்களுக்குப் பணமும் வாங்கினார். இரண்டு பேரும் செய்தது ஒரே வேலைதான்.

அதனால் சேரும் முன்பே இந்த மூன்றையும் கேட்டு, பதிலை ஸ்கிரீன்ஷாட்டாக வைத்துக்கொள்ளுங்கள்: கம்பெனியின் விபத்துக் காப்பீடு ஆர்டர் கையில் இருக்கும் நேரத்துக்கு மட்டுமா, லாகின் ஆன நேரம் முழுக்கவா? ஆஸ்பத்திரிச் செலவுக்கு எவ்வளவு, வருமான இழப்புக்கு எவ்வளவு? குடும்பத்துக்கும் சேருமா? உங்கள் பாலிசி ஏஜென்டிடம் போய், டெலிவரிக்கு ஓட்டுகிறேன், அதற்குத் தகுந்த பாலிசி கொடுங்கள் என்று மறைக்காமல் கேளுங்கள். கூட ஆகும், ஆனால் ஆகட்டும். வண்டி உங்கள் பெயரில் இருந்தால் ஓனர்-டிரைவருக்கான 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்றும் பாருங்கள். அப்பா பெயரில் இருக்கும் வண்டியை ஓட்டுகிறவர்கள் இதைத் தனியாக விசாரிக்க வேண்டும், அந்தக் காப்பீடு ஓனருக்குத்தான். பாங்க்கில் வருடத்துக்கு 20 ரூபாய் பிடித்துக்கொண்டு 2 லட்சம் விபத்துக் காப்பீடு தரும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தை இரண்டு வகை வேலைக்காரர்களும் போட்டுவைக்கலாம், ஒரு டீ, ஒரு வடைக் காசு.

வெள்ளை போர்டு, மஞ்சள் போர்டு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பைக்கில் பார்சல் கொடுப்பதை யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. ஆனால் வீட்டு ஓம்னியையோ காரையோ வெள்ளை போர்டோடு வாடகைச் சரக்குக்கு ஓட்டினால் மோட்டார் வாகனத் துறை பிடிக்கும், வாளையாரிலோ கோபாலபுரத்திலோ இது புது விஷயமில்லை. போர்ட்டர் மாதிரி சரக்கு ஆப்களில் மூன்று சக்கரமோ சின்ன டெம்போவோ ஓட்ட ஆசை இருந்தால் வண்டி வணிகப் பதிவில் இருக்க வேண்டும். எல்லை தாண்டுகிற லோடு என்றால் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு இ-வே பில் (ஆன்லைனில் எடுக்கும் ஜிஎஸ்டி சரக்குச் சீட்டு) வேண்டும், பில்லும் பேப்பரும் கையில் இல்லாமல் ஏற்றவே ஏற்றாதீர்கள், அனுப்புகிறவர் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் சரி. செக்போஸ்டில் நிற்கப்போவது அவர் இல்லை.

லைசென்ஸ் பற்றி ஒரு நல்ல செய்தி. சாதாரண எல்எம்வி (கார் மாதிரி இலகு ரக வண்டி) லைசென்ஸ் வைத்திருப்பவர், 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியைத் தனி டிரான்ஸ்போர்ட் முத்திரை இல்லாமலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பர் 6 அன்று உறுதி செய்துவிட்டது. கார் ஓட்டக் கற்றுக்கொண்ட பையன் ஹப்பின் சின்ன வேனுக்கு டிரைவராகச் சேரலாம் என்பது இதனால் தெளிவாகிவிட்டது. அந்த முத்திரையை, அதாவது பேட்ஜை, வாங்கித் தருகிறேன் என்று யாராவது ஐயாயிரம் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்.

படி 4: முழுநேர வேலை என்று சொல்வது உண்மையில் முழுநேர வேலைதானா?

இதில்தான் ஏமாற்றம் அதிகம். கஞ்சிக்கோடு, வாளையார் பக்கத்து ஹப்களில் ஆள் எடுப்பது பெரும்பாலும் கம்பெனி நேரடியாக இல்லை, நடுவில் ஒரு வெண்டர், அதாவது ஆள் பிடித்துக் கொடுக்கும் ஒப்பந்தக்காரர், இருப்பார். "மாதம் 18,000, முழுநேர வேலை" என்பார். போய்ச் சேர்ந்த பிறகுதான் அது பார்சலுக்கு இவ்வளவு என்ற கணக்கு, 18,000 என்பது மழை வெயில் பார்க்காமல் ஒரு நாளும் லீவு போடாமல் ஓடினால் வரக்கூடிய தொகை என்று தெரியும்.

அப்பாயிண்ட்மென்ட் லெட்டர் கேளுங்கள். புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்துவிட்டன, வேலைக்கு எடுக்கிற எல்லோருக்கும் லெட்டர் கொடுக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. லெட்டரில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று தனியாகப் பாருங்கள். அப்புறம் இஎஸ்ஐ, பிஎஃப் இரண்டும் உண்டா என்று கேளுங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் இஎஸ்ஐக்குள் வருவார்கள், உங்கள் பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். 15,000 சம்பளக்காரருக்கு மாதம் 113 ரூபாய் போகும், அவ்வளவுதான். அதற்கு உடம்பு சரியில்லாமல் லீவு போட்டால் 70 சதவீதம், வேலையில் அடிபட்டுக் கிடந்தால் 90 சதவீதம் கூலி கிடைக்கும், சிங்காநல்லூர் இஎஸ்ஐ மாதிரி பெரிய ஆஸ்பத்திரியில் வைத்தியமும் உண்டு. பிஎஃப் அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம் உங்களிடமிருந்து, அதே அளவு முதலாளியிடமிருந்து. சம்பளத்தில் பிடிக்கிறார்கள், கட்டுவதில்லை என்பதும் நடக்கிறது. சேர்ந்த இரண்டாவது மாதமே உமங் ஆப்பில் போய் பாஸ்புக்கில் பணம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறவில்லை என்றால் அந்த வெண்டரிடம் வருடக்கணக்கில் இருக்காதீர்கள்.

அடுத்த கேள்வி, வண்டி யாருடையது? சம்பளமும் உண்டு, ஆனால் பைக் உங்களுடையதாக இருக்க வேண்டும் என்று பல இடங்களில் சொல்கிறார்கள். இது இரண்டு வேலையின் கஷ்டமும் ஒன்றாகச் சேர்ந்த வகை. கிலோமீட்டருக்கு 3 ரூபாய் பெட்ரோல் அலவன்ஸ் தருகிறோம் என்றால் சந்தோஷப்படாதீர்கள். தினம் 80 கிலோமீட்டர், மாதம் 26 நாள், ஆக 2,080 கிலோமீட்டர். உங்கள் செலவு நாலு ரூபாய், வருவது மூன்று, மாதம் 2,080 ரூபாய் உங்கள் சம்பளத்திலிருந்தே வண்டிக்குப் போகிறது. பேசி நாலு ரூபாய் ஆக்க முடிந்தால் சேருங்கள். முடியாவிட்டால் அந்தத் தொகையைக் கழித்துவிட்டுச் சம்பளத்தை மதிப்பிடுங்கள்.

கம்பெனி வேனில் ஓடும் வேலையில் நீங்கள் நினைக்காத ஒன்று, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் மாதிரி கனமான பொருள். கேரளத்தில் 1978-ஆம் வருடச் சுமட்டு (சுமை தூக்கும்) தொழிலாளர் சட்டம் இருக்கிறது, ஏரியாவுக்கு ஏரியா பதிவு செய்த சுமட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். வேலை செய்யாமல் பார்த்துக்கொண்டு நின்றதற்கே வாங்கின நோக்குகூலியை அரசு 2018 மே 1 முதல் நிறுத்திவிட்டது. ஆனால் அவர்கள் தூக்கி வைத்தால் கூலி உண்டு, அது நியாயம்தான். அந்தக் கூலியை யார் கொடுப்பது, கஸ்டமரா, ஹப்பா, உங்கள் பாக்கெட்டா என்று முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

படி 5: சீசனைப் பயன்படுத்துங்கள்

எல்லையில் இருப்பதில் நமக்கு ஒரு லாபம் உண்டு. கேரளப் பக்கம் ஓணத்துக்கு முன் இரண்டு மூன்று வாரம் ஹப்கள் நிரம்பி வழியும், அது முடிந்து மூச்சு விடுவதற்குள் ஆன்லைன் விழாக்கால விற்பனையும் தீபாவளியும் தமிழ்நாட்டுப் பக்கம் வந்துவிடும். இரண்டு மொழியும் பேசத் தெரிந்த, இரண்டு பக்கத்து ரோடும் தெரிந்த பையனை அந்த நேரத்தில் எந்த ஹப்பும் வேண்டாம் என்று சொல்லாது. அமெரிக்காவிலும் யுபிஎஸ் கம்பெனி கிறிஸ்துமஸ் சமயத்தில் சொந்தக் காரில் பார்சல் கொடுக்கத் தற்காலிக ஆட்களை எடுக்கிறது, மீதி வருடம் முழுக்க யூனியனில் இருக்கும் நிரந்தர டிரைவர்கள் ஓடுகிறார்கள். சொந்த வண்டியில் ஓடுவதற்கு நியாயமான இடம் இதுதான் என்பது என் கருத்து: வேலை குவியும் சில வாரம், விலை பேசி, கிலோமீட்டர் கணக்கு வைத்து. வருடம் முழுக்க ஆள் தேவைப்படும் இடத்தில், நிரந்தர ஆளை வைக்காமல் பையன்களின் சொந்த வண்டியையே வைத்து ஓட்டினால், அது கம்பெனி தன் வண்டிச் செலவை நம் வீட்டுக்கு அனுப்புவதுதான்.

நான் இன்று புதிதாகத் தொடங்குவதாக இருந்தால் என்ன செய்வேன்? ஓண சீசனில் ஒரு மாதம் சொந்த வண்டியில் ஹப்புக்கு ஓடுவேன், யார் ஒழுங்காகப் பணம் தருகிறார்கள், எந்த வெண்டர் பிஎஃப் கட்டுகிறார் என்று அங்கே இருக்கும் பழைய அண்ணன்களிடம் கேட்பேன், பிறகு அந்த ஹப்பிலேயே வேன் வேலைக்கு முயற்சி செய்வேன்.

படி 6: ஓட ஆரம்பித்த பிறகு

தினமும் கிலோமீட்டர் மீட்டரை வீட்டை விட்டுக் கிளம்பும்போதும் திரும்பி வந்தபோதும் போட்டோ எடுங்கள். வாரம் ஒருமுறை ஆப்பின் பணக் கணக்கைப் பிரித்துப் பாருங்கள், ஆர்டர் கூலி எவ்வளவு, இன்சென்டிவ் எவ்வளவு, டிப்ஸ் எவ்வளவு என்று. அமேசான் பிளெக்ஸ் டிரைவர்களின் டிப்ஸை முழுதாகக் கொடுக்காமல் வைத்துக்கொண்டதாக அமெரிக்க வணிக ஆணையம் குற்றம் சாட்டி, 2021-இல் 6 கோடியே 17 லட்சம் டாலர் திரும்பக் கொடுக்க வைத்தது. அவ்வளவு பெரிய இடத்திலேயே கணக்கைப் பிரித்துப் பார்த்தால்தான் தெரிய வந்தது. பான் கார்டைக் கொடுத்துவையுங்கள், 1 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்திருந்தால் ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம்.

இன்னொருத்தர் ஐடியில் ஓடாதீர்கள். நம் பக்கம் இது சர்வசாதாரணமாக நடக்கிறது, நண்பனின் ஐடி சும்மா கிடக்கிறது என்று எடுத்து ஓடுகிறார்கள், விழுந்தால் எந்தக் காப்பீடும் உங்கள் பெயருக்கு வராது.

கேஷ் ஆன் டெலிவரிப் பணத்தை அன்றன்றே கட்டுங்கள். ஒரு நாள் 200 ரூபாய் குறைந்தால்கூட ஹப்பில் எழுதி வைத்துக்கொண்டு சம்பளத்தில் பிடிப்பார்கள், அதைவிட மோசம், அடுத்த முறை எதுவும் காணாமல் போனால் கண் முதலில் உங்கள் மேல்தான் வரும்.

கேரளத்தில் 2023 ஜூன் 5 முதல் ஏஐ கேமராக்கள் அபராதம் போடுகின்றன, மாநிலம் முழுக்க 726 கேமரா. ஹெல்மெட் இல்லாவிட்டால் 500 ரூபாய், ஓட்டும்போது போன் பேசினால் 2,000. ஒரு மாலை முழுக்க ஓடினது ஒரு போட்டோவில் போய்விடும். மேப் பார்க்க போனை ஹாண்டில்பாரில் ஸ்டாண்டு போட்டு மாட்டுங்கள், கையில் வைத்துக்கொண்டு ஓட்டவே ஓட்டாதீர்கள்.

வெயில். பாலக்காட்டு மார்ச், ஏப்ரல் உங்களுக்குத் தெரியும், நாற்பது டிகிரி. வெயிலில் நின்று செய்யும் வேலைகளுக்கு மதியம் 12 முதல் 3 வரை ஓய்வு என்று கேரளத் தொழிலாளர் துறை கோடையில் ஒவ்வொரு வருடமும் உத்தரவு போடுகிறது, ஆனால் ஆப்பில் சாப்பாட்டு ஆர்டர் குவிவது அதே மூன்று மணி நேரத்தில்தான். இன்சென்டிவைக் காட்டி இழுப்பார்கள். அந்த இரண்டு மாதம் மாலை ஷிப்ட் மட்டும் எடுங்கள், மோரும் உப்பும் கையில் வைத்துக்கொள்ளுங்கள், தலை சுற்றினால் ஆர்டரைத் திருப்பிவிட்டு நிழலில் உட்காருங்கள்.

முகவரி படிக்கக் கற்றுக்கொள்வது தனி வித்தை. 641, 642 என்று தொடங்கும் பின்கோடு கோயம்புத்தூர், பொள்ளாச்சிப் பக்கம், அங்கே கதவு எண்ணும் தெருப்பெயரும் இருக்கும். 678 என்று தொடங்கினால் பாலக்காடு, பெரும்பாலும் வீட்டுப்பெயர் மட்டும்தான் இருக்கும், தெருவே இருக்காது. வாயனசாலை (நூலகம்) எங்கே, அங்கன்வாடி எங்கே, எந்தக் கோயில் பக்கம் என்று போனில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள், "சேச்சி, வீட்டுக்கு முன்னாடி என்ன இருக்கு?" என்று மலையாளத்தில் ஒரு வார்த்தை கேட்டால் வாசல் வரை வந்து நிற்பார்கள்.

படி 7: பெயரைப் பதிவு செய்துவையுங்கள்

பகுதிநேரமாக ஓடினாலும் இ-ஷ்ரம் என்ற மத்திய அரசுத் தளத்தில் பிளாட்பார்ம் தொழிலாளியாக (ஆப் வழியாக வேலை செய்பவராக) பதிவு செய்யுங்கள், ஆதாரும் பாங்க் கணக்கும் போதும், காசு கிடையாது. 2025 மத்திய பட்ஜெட்டில் இப்படிப் பதிவு செய்த ஆட்களுக்கு அடையாள அட்டையும் ஆயுஷ்மான் திட்டத்தில் மருத்துவக் காப்பீடும் தருவதாக அறிவித்தார்கள். மேலே சொன்ன புதிய சட்டத் தொகுப்புகளில் ஒன்றான சமூகப் பாதுகாப்புத் தொகுப்பின்படி ஆப் கம்பெனிகள் தங்கள் ஆண்டு வரவில் 1 முதல் 2 சதவீதம் தொழிலாளர் நிதிக்குக் கட்ட வேண்டும், அந்தப் பணம் யாருக்கு வரும் என்றால் பட்டியலில் பெயர் இருப்பவருக்குத்தான். தமிழ்நாட்டில் இப்படி இணையவழி வேலை செய்பவர்களுக்கென்றே 2023 டிசம்பரில் ஒரு நல வாரியம் அமைத்திருக்கிறார்கள், 2025-26 பட்ஜெட்டில் 2,000 பேருக்குப் புது இ-ஸ்கூட்டர் வாங்க ஆளுக்கு 20,000 ரூபாய் மானியம் என்றும் சொன்னார்கள். கோயம்புத்தூர், பொள்ளாச்சி பக்கம் ஓடுகிறவர்கள் அங்கே தொழிலாளர் அலுவலகத்தில் போய் விசாரியுங்கள்.

வேலையை விடும்போது, பகுதிநேரமோ முழுநேரமோ, பையையும் ஐடி கார்டையும் திருப்பிக் கொடுத்ததற்கு ஒரு கையெழுத்து வாங்குங்கள், டெபாசிட் பிடித்திருந்தால் அன்றே கேளுங்கள், கேஷ் பாக்கி எதுவும் இல்லை என்று ஹப் இன்சார்ஜிடம் வாட்ஸப்பிலாவது ஒரு மெசேஜ் வாங்கிவையுங்கள். பிஎஃப் எண்ணை அடுத்த இடத்தில் கொடுங்கள், புதிதாக இன்னொரு எண் போட விடாதீர்கள்.